வகுப்புக் கட்டுப்பாடு

…ஒன்றா, இரண்டா, எதைப் போடுவது, பேனா தாளின் மேல் அந்தரத்தில் நின்றது, பதினோராவது வரி, வகுப்புக் கட்டுப்பாடு, அதிகபட்சம் நான்கு மதிப்பெண், எட்டு வயதுப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை இடிக்காத குறையாக உட்கார்ந்திருந்த மதிப்பீட்டு அதிகாரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. எதிரே சிறப்புப் பிள்ளைகள் ஆறு பேர், ஆசிரியை ஒருத்தி. ஆறு பேரில் நீலச் சட்டைக்காரி கால் மணி நேரமாகத் தரையில் புரண்டு கத்துகிறாள், மணி கோக்கச் சொன்னதற்கு. ஒருவன் சன்னல் கம்பியை எண்ணுகிறான், ஏழுக்குப் பிறகு மறுபடி ஒன்று. ஆசிரியை அதட்டவில்லை, தூக்கவில்லை, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்திக்கோ, நான் இங்கதான் இருக்கேன் என்கிறாள், மணிக்கட்டில் பல் பதிந்த தடம் சிவந்திருக்கிறது. இந்த வரியில் ஒன்று விழுந்தால் இவளுடைய ஒப்பந்தம் அடுத்த வருஷம் கிடையாது. சந்தைக்கடை மாதிரி இருக்கும், பார்த்து எழுதுங்கள் என்று தலைமை ஆசிரியர் முன்பே காதில் போட்டிருந்தார். பாவம் பார்த்தால் இந்த வேலை ஓடுமா?

தான் ஆசிரியையாக இருந்தபோது தன் வகுப்பு சந்தைக்கடையாக இருந்ததில்லை, பன்னிரண்டு வருஷம், பிள்ளைகள் மூச்சுவிடுவது கேட்கும்… முதல் வருஷமும் அப்படியா? இல்லை. இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, பேச்சு வராது, பென்சில்களை ஒவ்வொன்றாகச் சன்னல் வழியே எறிவாள், எறிந்துவிட்டுச் சிரிப்பாள், அன்றைக்குத் தலைவலி, வீட்டில் மகனுக்குக் காய்ச்சல், காரணம் என்ன வேண்டிக்கிடக்கிறது, அந்தப் பிள்ளையை அடித்தாள். கன்னத்தில், ஒரே அடி. பிள்ளை அழவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வீட்டில் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் ஏது. மறுநாள்தான் மேலதிகாரி பார்வையிட வந்தார், ஒரு பிள்ளை இடத்தைவிட்டு எழவில்லை, என்னம்மா மந்திரம் போட்டே என்று கேட்டு நான்குக்கு நான்கு போட்டுவிட்டுப் போனார், அதிலிருந்து வருஷந்தோறும் நான்கு, கடைசியில் பதவி, பதவியிலிருந்து இந்தக் குட்டி நாற்காலி. அப்புறம் யாரையும் அடிக்கவில்லையே? தேவைப்படவில்லை, கையைத் தூக்கினாலே போதும். பலகையில் எழுதத் தூக்கினாலும் இரட்டைச் சடைக்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், அதை அவளுடைய குறைபாடுகளில் ஒன்றாகப் பதிவேட்டில் எழுதி வைத்தது யார்? 'காரணமின்றிக் கண் மூடுதல்', தன் கையெழுத்துத்தானே, அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள்…

கத்தல் ஓய்ந்திருந்தது. எப்போது ஓய்ந்தது என்று அதிகாரி கவனிக்கவில்லை. நீலச் சட்டைக்காரி எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு மணியை எடுத்தாள், நூலின் நுனி தப்பித் தப்பிப் போயிற்று, கடைசியில் நுழைந்தது, ஒன்றே ஒன்று. அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்க ஆசிரியை சட்டென்று கையைத் தூக்கினாள். பிள்ளை இமைக்கவில்லை. அதிகாரியின் பேனா நான்கு என்று எழுதிவிட்டது, எழுதியதை அழுத்தி இன்னொரு முறை எழுதியது.

வேன் வந்து பிள்ளைகள் போன பிறகு, கையெழுத்துப் போட உட்கார்ந்த ஆசிரியை அந்த வரியில் நின்றாள்.

"பாவம்னு போடாதீங்க மேடம். இன்னிக்கு க்ளாஸ் நடந்த லட்சணம் எனக்கே தெரியும்."

பாவம்னு போடல என்றாள் அதிகாரி. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள். ஆசிரியை நம்பாமலே கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க பன்னெண்டு வருஷம் க்ளாஸ் எடுத்தீங்களாமே. பிள்ளைங்க அசையாம உக்காந்திருக்குமாமே. எப்படி மேடம்? எனக்குச் சொல்லித் தாங்களேன்."

குரலில் கிண்டல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. படம் காட்டணும், வேலையைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுக் கொடுக்கணும் என்று ஆரம்பித்தாள் அதிகாரி, ஆரம்பித்ததுமே அதெல்லாம் படிவத்தில் இருப்பது என்று தெரிந்தது, பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது, தான் செய்து பார்த்தது எது, அந்த ஒன்றைத் தவிர, பன்னிரண்டு வருஷத்தில் வேறு ஒன்று, ஒன்றாவது… ஆசிரியை குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.