மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் மீன் டாக்டர். பஸ் ஓட்டுகிற அவள் கணவன், "நீ இழுக்கிற இழுப்புல கதவே கையோட வந்துடப் போகுது" என்று கேலி செய்வான். சந்தேகப்படுவதே வேலையாக இருக்கிறவளிடம் சந்தேகப்படாதே என்றால் எப்படி? ஆனால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிறவளுக்கு ஒரு விஷயம் மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்று காலை ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கினாளா, இல்லையா?

நடந்தது இதுதான். ஒரு மீன் பண்ணையில் மீன்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு செத்து மிதக்கின்றன என்று கூப்பிட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு தண்ணீரில் இறங்கிய பூட்ஸை மருந்தில் முக்கி, காயவைத்து, பிறகுதான் இன்னொரு தண்ணீரில் இறக்கலாம். இது அவளே சுவரில் எழுதி ஒட்டிய விதி. அன்றைக்கு ஜீப் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டைப் பூட்டியது நினைவிருக்கிறது. ஜீப்பில் ஏறியது நினைவிருக்கிறது. நடுவில் இருந்தது மட்டும் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

அந்தச் சதுப்பில்தான் சதுப்புக் கெண்டை இருந்தது. விரல் நீளம், விலாவில் செம்பு நிறத்தில் ஒரு கோடு. வேறெங்கும் இல்லாத மீன். சதுப்போ வருஷா வருஷம் சுருங்கி, இந்தக் கோடையைத் தாங்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதனால் அன்று கிடைத்த மீன்களைப் பிடித்துக்கொண்டு வந்து அவளுடைய பரிசோதனைக்கூடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் விட்டிருந்தார்கள். அவற்றுக்கென்று ஒரு புதுக் குளம் தயாராக இருந்தது. நோய் இல்லை என்று அவள் சொன்னால் மீன்கள் குளத்துக்குப் போகும். நோய் இருக்கிறது என்றால் ஒன்றுகூடப் போகாது. மேலதிகாரி இதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், முதல் தொட்டியில் ஒரு மீன் கண்ணாடியோரம் வந்து நின்றது. அதன் மூக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

குனிந்து பார்த்தாள். இன்னொன்றுக்கும் இருந்தது, அதற்குப் பின்னால் வந்ததற்கும் இருந்தது. பண்ணைத் தண்ணீரின் நாற்றம் மூக்கில் ஏறியது போலிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குற்றம் செய்தோமா என்பதே தெரியாமல் குறுகுறுத்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் தொட்டி அண்ணன் என்பார்கள். அவரை வலை எடுத்து வரச் சொல்லி, ஒரு மீனைப் பிடித்து, தோலை மெல்லச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெள்ளைப் புள்ளி நோய் என்றால் அதன் கிருமி வட்டமாக, மயிர் முளைத்த பந்து மாதிரி உருண்டுகொண்டு தெரியும். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு மீனைச் சுரண்டினாள். அதிலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவளோ, கிருமி தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது, அதனால்தான் சிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். அப்படிப் பதுங்குவதும் உண்மைதான். அதுதான் வம்பாகப் போயிற்று.

மேலதிகாரிக்குப் போன் போட்டு, புள்ளி தெரிகிறது, இன்னும் உறுதியாகவில்லை என்றாள். நாளைக்குள் உறுதியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குளத்தை மறந்துவிடலாம் என்று அவர் வைத்துவிட்டார்.

இந்த நோயில் கிருமி மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு பெருகும். ஆகவே முதல் வேலை செடியை அகற்றுவது. அவளும் தொட்டி அண்ணனுமாக முதல் தொட்டியின் பாசிச்செடிகளை வாரி வாரி, பிளீச்சிங் பவுடர் கரைத்த டிரம்மில் போட்டு அமுக்கினார்கள். அடியில் கிடந்த அழுக்கையும் குழாய் வைத்து உறிஞ்சி அதிலேயே விட்டார்கள். இரண்டாவது தொட்டிக்கு வரும்போது பவுடர் தீர்ந்துவிட்டது. கடை மூடியிருக்கும், காலையில் வாங்கி வந்துவிடுகிறேன் என்றார் தொட்டி அண்ணன். அவள் தயங்கினாள். பிறகு கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் என்னவென்று கேட்டான். பூட்ஸ் கதையைச் சொன்னாள். அவன் வழக்கம்போல் கேலி செய்யாமல் அவள் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

காலையில் எழுந்து வந்தால், கொழுந்தன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். வேலை தேடி இவர்களோடு தங்கியிருக்கும் அவன் திரும்பியபோது அவன் மூக்கிலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாக இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஜுரம் இருக்கா? சட்டையைக் கழட்டு, முதுகைப் பார்க்கணும். அம்மை மாதிரி இருக்கு" என்று அவன் நெற்றியில் கை வைத்தாள்.

"விடுங்க அண்ணி. பருதான்" என்று அவன் கூசிப்போய் விலகினான்.

பின்னால் நின்ற கணவன் பல் குச்சியோடு சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு மாசமா தலைக்குத் தண்ணி தடவித் தடவிச் சீவுறான், எதிர் வீட்டு மாடியைப் பார்த்தபடியே பல் விளக்குறான். கல்யாண ஆசை வந்த பயலுக்குப் பரு வராம என்ன வரும்? மீனைப் பார்க்கிற மாதிரியே மனுஷனையும் பார்க்காதே."

கொழுந்தன் வெட்கப்பட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

ஆண் கெண்டைக்கு இனப்பெருக்க சமயத்தில் மூக்கின் மேல் வெள்ளை முளைகள் வரும். முதல் வருஷப் படிப்பில் வருகிற பாடம். வகுப்பெடுக்கப் போகிற இடத்திலெல்லாம் அவளே, இதை நோய் என்று நினைத்து ஏமாறாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். நேற்றுப் பார்த்தவற்றில் துடுப்பில் புள்ளி இருந்ததா? இல்லை. வாலில்? இல்லை. மூக்கில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வயிறு பருத்த பெண் மீன்களில் ஒன்றுக்கும் இல்லை. வற்றிய சேற்றுத் தண்ணீரிலிருந்து வந்து புதுத்தண்ணீரைக் கண்ட மீன்கள், மழை வந்துவிட்டது என்று நம்பிவிட்டன. இத்தனையும் கண்ணெதிரே இருந்தது. அவள் பார்த்ததெல்லாம் தன் பூட்ஸை மட்டும்தான்.

அப்புறம்தான் செடி நினைவுக்கு வந்தது. கெண்டை செடியில்தான் முட்டையிடும்.

அன்று அவள் கதவைச் சாத்தினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சாத்தவே இல்லை. ஆட்டோவில் உட்கார்ந்து தொட்டி அண்ணனுக்குப் போன் அடித்தாள், அவர் எடுக்கவில்லை. சீக்கிரம் வந்து வேலையை முடித்துவிடும் மனிதர். நேற்றுவரை அது அவருடைய நல்ல குணமாக இருந்தது.

அவள் உள்ளே ஓடியபோது டிரம்மில் புதுப் பவுடர் கரைந்துகொண்டிருந்தது. அவர் முழங்கை வரை கையுறை மாட்டி, இரண்டாவது தொட்டிக்குள் கையை விட்டிருந்தார்.

"தொடாதீங்கண்ணே" என்றாள்.

அவர் கையை அப்படியே நிறுத்தினார். அவள் ஒரு கொத்துப் பாசியை, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்கு மாற்றி, லென்ஸை வைத்துப் பார்த்தாள். இலைக்கு இலை கடுகைவிடச் சின்னதாக, கண்ணாடி போல முட்டைகள். ஒன்றுக்குள் ஏதோ வெடுக்கென்று துடித்தது. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு டிரம்மிடம் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். நேற்றுப் போட்ட செடியில் ஓர் இலையை எடுத்து லென்ஸில் வைத்தாள். அங்கேயும் முட்டைகள் இருந்தன, பால் போல வெளுத்து. நேற்றுச் சாயங்காலம் கண்ணாடி போல இருந்திருக்கும். அவள் கொண்டுவந்தோமோ என்று பயந்த சாவு பூட்ஸில் வரவில்லை. அந்தப் பயத்தின் கையால் வந்தது.

தொட்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, நானும்தானே அமுக்கினேன் என்று முணுமுணுத்தார். அவள் தலையசைக்கவில்லை. அவர் சொன்னதைச் செய்தார், சொன்னது அவள்.

மேலதிகாரியின் போன் வந்தது. புள்ளி இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"இருக்கு சார். ஆனா நோய் இல்ல. முட்டை போட்டிருக்கு. குளத்துக்கு அனுப்பலாம்."

அந்தப் பக்கம் அவர் சந்தோஷத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். யாரும் இந்த மீனின் முட்டையைப் பார்த்ததே இல்லையே என்றார், நீங்கள்தான் முதல் ஆள் என்றார். அவர் மூச்சு விடட்டும் என்று அவள் காத்திருந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிவிட்டால் முடிந்தது.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றாள். "ரெண்டு தொட்டியிலயும் போட்டிருந்துச்சு. முதல் தொட்டியோடதை நான் நேத்து பிளீச்சிங் பவுடர்ல போட்டுட்டேன். நோய்னு நினைச்சு."

அவள் போனைக் காதில் வைத்தபடியே கிண்ணத்தைப் பார்த்தாள். முட்டைக்குள் அது மறுபடியும் துடித்தது. முதல் தொட்டியில் ஆண் மீன் ஒன்று மூக்கு நிறைய வெள்ளை முளைகளோடு, செடி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.