எது முதலில்

பம்ப் பெல்ட்டில் சிக்கி லேப் உதவியாளரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி செருகியிருப்பதால் கல்லூரி முழுக்க அவருக்குத் திருப்புளி என்றே பெயர். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இயற்பியல் துறைத் தலைவர் சுவிட்சைப் போட்டுவிட்டார் என்றார் அவர். சுவிட்சைப் போட்ட பிறகுதான் இந்த ஆள் கையை உள்ளே விட்டார் என்றார் துறைத் தலைவர். லேபில் அப்போது வேறு யாரும் இல்லை.

பிரின்சிபால் அறையில் விசாரணை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி திருப்புளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அலறல் கேட்டு ஓடிவந்து மெயினை அணைத்த இளம் விரிவுரையாளர் சுவரோரம் இருந்தாள்.

பிரின்சிபாலுக்குச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"அவர் பக்கத்துலேர்ந்து பார்த்தா அவர் சொல்றது சரி, இவர் பக்கத்துலேர்ந்து பார்த்தா இவர் சொல்றது சரி. உங்க பாடத்துலயே எல்லாம் சார்புன்னுதானே சொல்றீங்க?" என்று சிரித்தார்.

துறைத் தலைவரும் சிரித்தார். "ஆமா சார். எது முன்னாடி, எது பின்னாடிங்கிறதே பார்க்கிறவரைப் பொறுத்ததுதான்."

விரிவுரையாளருக்கு மண்டை கொதித்தது. இருபது வருஷமாகச் சார்பியல் நடத்துகிற மனிதர். அவளுக்கே நடத்தியவர்.

"முழுசாச் சொல்லுங்க சார்," என்று எழுந்துவிட்டாள்.

"உட்காரும்மா," என்றார் துறைத் தலைவர்.

"உட்கார மாட்டேன். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிக்குது, வேற எங்கேயோ இன்னொண்ணு. ஒண்ணோட ஒளி இன்னொண்ணுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டும் வெடிச்சு முடிஞ்சுட்டா, அப்பதான் எது முதல்லங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். இது ஒரே மேஜை சார்! சுவிட்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஒளி கோடி தடவை போய்ட்டு வந்துடும். எந்த ராக்கெட்ல போறவன் பார்த்தாலும் இந்த வரிசை மாறுமா? மாறும்னு சொல்லுங்க. நாளைக்கு கிளாஸ்ல நானும் அதையே சொல்லித் தொலைக்கிறேன்."

"மேடம், இது கிளாஸ் இல்ல," என்றார் பிரின்சிபால்.

"அவரைச் சொல்லச் சொல்லுங்க!"

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மனிதனின் விரல்களைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடிந்தது. தன் பாடத்தைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"மாறாது," என்றார்.

"அப்போ ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்க முடியாது. யார் சொல்றது பொய்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"கை உள்ளதான் இருந்துச்சு. நான் கவனிக்கல."

திருப்புளி தலையைத் தூக்கவே இல்லை. அவர் மனைவிதான் பேசினாள். "ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீங்களே சார். அப்பவே இந்த வாயைத் திறந்திருக்கலாமே."

துறைத் தலைவரை லேப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அதோடு சரி.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பின்னிட்டீங்க மேடம்!"

அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"அவர் பார்க்காம சுவிட்ச் போடுற ஆளுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நேத்து அந்த ரூமுக்கு ஏன் ஒருத்தர்கூட வரல?"