நடுவில் இரண்டு நாள்தானே

பேக்கரிக்காரரின் மனைவிக்கு ஒரு தம்பி. வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பேங்க்’ என்றால் அவன்தான். ‘பேங்க் சாப்பிட்டாச்சா?’, ‘பேங்க் இன்னும் தூங்குதா?’ என்று கேலி ஓடும். அந்தக் கேலிக்குள் பெருமையும் இருப்பது அவனுக்குத் தெரியும்.

மாவும் சர்க்கரையும் வாங்கிப்போட அத்தானுக்கு அவன் கிளையில் தொழில் கடன் உண்டு. வருடக் கணக்கு முடியும்போது அதைப் பாக்கியில்லாமல் கட்ட வேண்டும். கட்டிய கையோடு அதே தொகையைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு பணம் எந்தக் கடைக்காரன் கையில் சும்மா கிடக்கும்? வெளியில் வாங்கிக் கட்டுவார்கள். வங்கிப் பணம் வந்ததும் வெளிக்கடனை அடைப்பார்கள். இந்தக் கூத்து வங்கிக்கும் தெரியும். தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். ஏட்டில் வசூல் அழகாக நின்றால் சரி.

இந்த வருடம் அத்தான் தயங்கினார். விலைவாசியை அடக்குகிறேன் பேர்வழி என்று மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. மாவு வியாபாரிக்கே கடன் கிடைக்காததால் அவர் ரொக்கம் இல்லாமல் மூட்டையை இறக்க மறுத்தார். வீட்டுக் கடன் தவணை கூடிப்போன ஜனங்கள் கேக்கை மறந்து, ரொட்டியிலும் பாதி போதும் என்றார்கள்.

“இந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டி இழுத்துக்கலாமா மச்சான்?” என்று கேட்டார் அத்தான்.

“பாக்கி நின்னா பேர் கெட்டுடும் அத்தான். வெள்ளிக்கிழமை கட்டுங்க. திங்கக்கிழமை உங்க கணக்குல பணம் இருக்கும். நான் இருக்கேன்ல?”

“அதான் அவன் இருக்கானே,” என்ற அக்கா அப்போதே வளையல்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. வருடா வருடம் நடப்பதுதான். திங்கட்கிழமை வட்டியை முடிவு செய்ய மத்திய வங்கிக் கூட்டம் நடக்கப்போவதும் அவனுக்குத் தெரியும். எங்கோ மேலே நடக்கிற சமாசாரம், ரொட்டிக் கடை வரை வராது என்று நினைத்தான். கிளையில் வசூல் குறைவு என்று மேலாளர் குதித்துக்கொண்டிருந்ததும் உண்மை.

வளையல்களை அடகு வைத்தும் போதவில்லை. மீதியை நாள் வட்டிக்காரரிடம் வாங்கினார்கள். அவர் கேட்டது கொள்ளை வட்டி. நடுவில் இரண்டு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார்கள்.

வெள்ளி மாலை பணம் கட்டியாயிற்று. மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். திங்கள் காலை மத்திய வங்கி மறுபடி வட்டியை ஏற்றியது. மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: சிறு கடைகளுக்குப் புதுக் கடன் கிடையாது, கட்டி முடித்ததைப் புதுப்பித்தாலும் அது புதுக் கடன்தான். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் கட்டாமல் டிமிக்கி கொடுத்திருந்தார். வங்கிப் பணம் பத்திரமாக அவரிடமே இருந்தது. சொன்ன நாளில் கட்டியவருக்குக் கதவு சாத்தப்பட்டது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

“சார், நான் வாக்கு குடுத்துட்டேன்,” என்று மேலாளர் முன்னால் கெஞ்சினான்.

“யாரைய்யா கேட்டுக் குடுத்தே?” என்றார் அவர், நிமிராமல்.

அதன் பிறகு அவன் பேக்கரிப் பக்கம் போகவில்லை. போனில் ‘இன்னைக்கு வந்துடும்’, ‘நாளைக்கு வந்துடும்’ என்று இழுத்தடித்தான். நாள் வட்டி மட்டும் தவறாமல் வந்தது. மாவு வாங்கப் பணமில்லை. வேலையாட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். கடைசியில் நாள் வட்டிக்காரரே ரொட்டி அடுப்பை விலை பேசிக் கழற்றிக்கொண்டு போகப்போகிறார் என்று கேள்விப்பட்டு, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கிளம்பினான்.

போவதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். அடுப்பு இருந்த சுவரில் கரிதான் மிச்சம். அக்கா கல்லாவில் இருந்தாள். கையில் வளையல் ஒன்றுமில்லை.

“ஏதாவது பண்றேன்கா. என் பேர்ல கடன் போட்டு…”

“உன் வீட்டுக் கடனே எகிறிப்போச்சுன்னு உன் பொண்டாட்டி அழுறா. நீ எங்கடா போவே?”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவளுக்கு இன்னும் தன்மேல் இரக்கம் இருப்பதுதான் அவனைக் கொன்றது.

அலமாரியின் ஓரத்தில் ஒரே ஒரு ரொட்டி இருந்தது. அந்த ஓரம் அவனுடையது. இத்தனை வருடமாக வேலை முடிந்து வரும்போது அங்கிருந்து ஒன்றை எடுத்துப்போவான். காசு நீட்டினால் அத்தானுக்குக் கோபம் வரும். ‘நம்ம பேங்க்குக்கே விலையா?’ என்பார்.

உள்ளேயிருந்து வந்த அத்தான் அந்த ரொட்டியை எடுத்துத் தாளில் சுற்றினார். அவன் கை நீட்டினான். அவர் கொடுக்காமல் விலையைச் சொன்னார்.

விளையாடுகிறார் என்று அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பர்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தான். அத்தான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணி, ரொட்டியோடு அவன் பக்கம் நகர்த்தினார்.

“சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார்,” என்றார்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லறையை எடுத்துக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

“சரியா இருக்கு,” என்றான்.