ஓதம் ஏறும் இடத்தில் பேட்டரி அறை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கியது. தலைநகரத் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'உங்கள் தீவின் சூரிய மின் திட்டம் பற்றி அறுநூறு சொல்லில் ஒரு வெற்றிக் கதை தேவை. நாயகி பெண்ணாக இருந்தால் நலம். சிரித்த படம் ஒன்றும் அனுப்பவும்.' பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாஸ் (கிரிபாட்டி) நாட்டின் இந்த ஒதுக்குப்புறத் தீவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். எழுதத் தெரிந்தவள் என்று பேர் வாங்கியதன் பலன் இது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் வந்ததெல்லாம் வசவு. அதனால் தமிழில் எழுதுகிறேன். அவர்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரிந்தால் போதும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'காலைக் கதிர் பலகைகளைத் தொட்டபோது தியாரெத்தியின் முகமும் மலர்ந்…'

மலரவில்லை. தியாரெத்திதான் இந்தத் தீவின் ஒரே சூரிய மின் தொழிலாளி, வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள். அந்த வரியை நான் எழுதிய காலையில் பேட்டரி அறையில் உப்புச் சேற்றில் நின்றுகொண்டு, என் பள்ளிப் பிள்ளைகள் காதில் விழக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முயற்சி: 'இருளில் கிடந்த ஒரு தீவு…'

இருளில் கிடந்தோமாம்! எவன் சொன்னான்? மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது, நிலா இருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது மருந்து வைக்க ஒரு குளிர்ப்பெட்டி. (இந்தக் கோபத்தைப் பிறகு வெட்ட வேண்டும். வெட்ட மாட்டேன்.)

3

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு இடம் பார்க்க ஒரு பொறியாளர் வந்தார். ஊர்க் கூடத்தில் உட்காரவைத்து, தலையில் பூ வளையம் சூட்டி, மீனும் பபாய்க் கிழங்கும் பரிமாறினோம். அவர் காயல் பக்கத்துத் தரையைக் கைகாட்டினார். "பேட்டரி அறைய இங்க கட்டலாமா? தண்ணி வராதே?"

பெரிய ஓதத்தில், கடல் பொங்கிவரும் நாளில், அங்கே தண்ணீர் ஏறும் என்று நண்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் பூச்சூடிய விருந்தாளியை இங்கே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் அவருக்கு அவமானம், அதைவிட ஊருக்கு அவமானம். கூடத்தில் குடும்பத்துக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தின் பெரியவர்தான் வாய் திறக்கலாம். தியாரெத்தி தன் மாமா பெனியாமினாவின் முதுகில் விரலால் குத்தினாள்.

"மாமா, சொல்லுங்க. அங்க கட்டினா மூழ்கிடும்."

"சும்மா இருடி. மனுஷன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"முடிச்சதும் சொல்வீங்களா?"

"முடிச்சதும் ஆட்டம் இருக்குல்ல?"

மாமா புன்னகைத்தார். ஊரே புன்னகைத்தது. 'மக்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டனர்' என்று எழுதிக்கொண்டு பொறியாளர் விமானம் ஏறினார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள்மேலும் தப்புத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷன் இன்னும் இரண்டு நாள் தங்கியிருந்தால், படகில் போகும்போது யாராவது காதோடு சொல்லியிருப்பார்கள். அதற்கு அவருக்கு நேரமில்லை.]

4

போன மாத ஓதத்தில் கீழ்வரிசைப் பேட்டரிகள் செத்தன. மேல்வரிசையில் எட்டு பிழைத்தன. மருந்தகத்துக் குளிர்ப்பெட்டி அந்த எட்டில்தான் ஓடுகிறது. அதற்குள் தியாரெத்தியின் தங்கை மேரேவின் இன்சுலின் இருக்கிறது, குளிர் போனால் இந்த வெயிலில் கெட்டுவிடும். மேரேவுக்கு இருபது வயது, ஊசி இல்லாமல் ஒரு வாரம் தாங்க மாட்டாள். அடுத்த கப்பல் வர ஐந்து வாரம். இன்று மாலை ஐந்தரைக்கு ஓதம், போன மாதத்தைவிட ஒரு சாண் உயரம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், மேல்வரிசைக்கு அந்தச் சாண்தான் எமன்.

எட்டையும் மேட்டிலிருக்கும் மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது. ஆனால் பேட்டரிக் கூண்டில் உத்தரவாத முத்திரை இருக்கிறது. காலையில் தியாரெத்தி அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், சாயங்காலம் தண்ணி ஏறும்."

"முத்திரைய உடைச்சா உத்தரவாதம் போயிடும்மா. இரண்டாம் கட்டத்துலயும் உங்க தீவு இருக்காது."

"தண்ணி ஏறினா பேட்டரியே போயிடும் சார்!"

"அது இயற்கைச் சீற்றம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. செப்டம்பர்ல நிபுணர் வருவார். ஆமா, அந்தச் சிரிச்ச படம் என்னாச்சு?"

அடப்பாவிகளா! இது மார்ச் மாதம்.

5

இவ்வளவு தெரிந்தவள் ஏன் தயங்குகிறாள்? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. முந்தைய வரைவில் அவளைக் கோழையாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் வெடித்தாள்.

"எனக்காகப் பயப்படுறேன்னு எழுதியிருக்கீங்களே டீச்சர்! வேலை போனா மட்டி பொறுக்கிப் பொழைச்சுக்குவேன். இரண்டாம் கட்டத்துல வடக்கு ஊருக்குக் குடிதண்ணி மெஷின் வருது. அங்க எத்தன புள்ளைங்க வயித்துப்போக்குல கிடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என் தங்கச்சிக்காக அதக் கெடுக்கச் சொல்றீங்களா?"

கோழை என்ற சொல்லை அடித்தேன். ஒரு பெண்ணின் உயிரையும் ஓர் ஊரின் தண்ணீரையும் ஒரே முத்திரையில் கட்டிவைத்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

6

முடிவு அ: முத்திரை உடைகிறது. மேரே பிழைக்கிறாள். வடக்கு ஊரில்… (எழுத வரவில்லை.)

முடிவு ஆ: அதிசயமாக இந்த முறை ஓதம் ஏறாமல்… (பொய். ஏறும்.)

மணி நாலேகால். வாசலில் தியாரெத்தி ஸ்பானரோடு நிற்கிறாள். பின்னால் தள்ளுவண்டியோடு பெனியாமினா மாமா.

"எழுதினது போதும் டீச்சர். ஒண்ணு நாப்பது கிலோ. வந்து ஒரு பக்கம் பிடிங்க."

"யார் உடைச்சதுன்னு கேப்பாங்களே?" என்றேன்.

"என் பேர எழுதும்மா," என்றார் மாமா. "அன்னிக்கு வாயத் தொறக்காதவன் நான்தானே."

"ஊர்க்காரங்க யார் பேர் போனாலும் வடக்குக்குத் தண்ணி வராது மாமா," என்றாள் அவள். 

அவள் சொல்வது சரிதான். என் பெயரும் உதவாது, பதினொரு வருடத்தில் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். இங்கே வெளியாள் நீங்கள் ஒருவர்தான், வெளியாள் உடைத்ததற்கு ஊரைத் தண்டிக்க முடியாது. முத்திரை உடைந்தால் நிரப்ப வேண்டிய அலுவலகப் படிவத்தை அப்படியே உங்கள் முன் வைத்துவிட்டு, பேட்டரி தூக்கப் போகிறேன்.

முத்திரையை உடைத்தவர் பெயர்: ………………………