உளுந்து வயலில் வீலிங்

உளுந்து எடுத்த வயலில் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு முழம் எழும்பி, எழும்பிய வேகத்திலேயே பொத்தென்று விழுந்தன. நெடுஞ்செழியன் கைப்பிடியில் நெஞ்சு இடிபட்டு, "ச்சே!" என்றான். வரப்பில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி இசைவாணி பதிவை நிறுத்தினாள்.

"கையால இழுக்காத மாப்ள," என்று இர்பான் கத்தினான். "முன்னால அழுத்தி விடு. ஸ்பிரிங் மேல வர்றப்ப ரேஸ் குடு, அப்படியே உடம்பப் பின்னால போடு. வலது காலு பிரேக்க விட்டு எடுக்கவே கூடாது."

"அதத்தான்டா பண்ணிக்கிட்டிருக்கேன்."

இர்பான் முத்துப்பேட்டைக்காரன். இருவரும் துபாயில் ஒரே அறையில் இருந்தவர்கள். கல்யாணத்துக்கென்று வந்த நெடுஞ்செழியன் விசா முடிந்து, வடுவூர்ப் பக்கத்துக் கிராமத்திலேயே தங்கும்படி ஆகிவிட்டது. இர்பான் துபாயிலேயே வேறு வேலைக்கு மாறினான். பாலைவனத்தில் கூடாரம் போட்டு, விருந்தாளிகளை நாலு சக்கரக் குவாட் பைக்கில் மணல்மேடுகளுக்கு அழைத்துப் போகும் முகாம் அது. அங்கே ஆள் எடுக்கிறார்கள். வெறுமனே ஓட்டத் தெரிந்தால் போதாது. சாயங்காலம் விருந்தாளிகள் முன்னால் வீலிங் செய்து காட்ட வேண்டும், வண்டியை ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்ற வேண்டும். அதை வீடியோ எடுத்து அனுப்பி, மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் விசா. லீவில் வந்த இர்பான், தன் மச்சான் கலந்தர் கடற்கரையில் வாடகைக்கு விடலாமென்று வாங்கி, அலுத்துப்போய்க் கொட்டகையில் போட்டிருந்த குவாட் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். மேட்டூர் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை வயல் சும்மாத்தானே கிடக்கும்.

நெடுஞ்செழியன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சீசன் முடிந்தால் அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சோற்றில் கை வைத்தபடியே போனைத் தள்ளிக்கொண்டிருப்பான், காரணமில்லாமல் மன்னார்குடி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவான். இசைவாணியும் நிம்மதியாக இல்லை, ஆனால் அவளுடையது வெளியே தெரியாத ரகம். பி.காம் படித்துவிட்டு ஸ்கூட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்வந்தவள், கல்யாணத்தோடு நின்றுவிட்டாள். பஸ் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவாள். யாரும் இறங்கப் போவதில்லை என்று தெரிந்தும் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வீடியோ எடுத்து எடுத்து, அவளுக்கு அந்த வண்டியின் சுபாவம் பிடிபட ஆரம்பித்தது. நல்லதாக ஒன்று தேறுமா என்று எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, சக்கரம் எழும்புகிற அதே நொடியில் அவன் பயந்து முன்னால் குனிவது தெரிந்தது. சொன்னால் கோபம் வரும். சொல்லாமல் இருந்தாள். உள்ளங்கால் மட்டும் செருப்புக்குள் தானாகப் பிரேக்கைத் தேடியது.

ஒருநாள் அவன் மணிக்கட்டு பிசகி, ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிட்டான். வண்டி வயலில் உறுமிக்கொண்டே நின்றது.

"அண்ணே, நான் ஒரு ரவுண்டு போகட்டா?" என்றாள் இசைவாணி.

இர்பான் நண்பனைப் பார்த்தான்.

"போகட்டும் மாப்ள," என்று நெடுஞ்செழியன் சிரித்தான். "நாலு சக்கரம்தானே, விழவா போறா?"

ஆனால் விழுந்தாள். முதல் நாள் இல்லை. வயலைச் சுற்றி வரவும், கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றவும் பழகி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தூக்க முயன்ற நாளில். வண்டி அவளை உதறிவிட்டுத் தனியாகக் கொஞ்ச தூரம் போய் வரப்பில் முட்டி நின்றது. இர்பான் பதறி ஓடிவந்தான். அவள் வெடித்த மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட இடம் எரிந்தது. அதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் அது நடந்தது. அழுத்தினாள், ஸ்பிரிங் மேலே வந்தது, கட்டைவிரலால் ரேஸ் கொடுத்துக் கையை நீட்டிப் பின்னால் சாய்ந்தாள். தென்னை வரிசை, செல்போன் டவர், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் கீழே இறங்கிப் போயின. எதிரே வெறும் வானம். வண்டி முன்னாலும் விழாமல் பின்னாலும் சாயாமல் தன் எடையை எங்கோ வைத்துவிட்டு ஓடியது. கொஞ்ச தூரம்தான். காலால் பிரேக்கைத் தொட்டதும் ஊர் திரும்பி வந்து எதிரே நின்றது.

நெடுஞ்செழியன்தான் படம் பிடித்தான். விசிலடித்தான். வீட்டுக்குப் போய்த் தன் அம்மா அம்சத்திடம் காட்டினான். "குடும்பத்துல இருக்கிற பொண்ணு செய்யிற வேலையா இது?" என்ற அம்சம், "எங்க, இன்னொரு தடவ போடு" என்றாள்.

அடுத்த வாரம் இர்பான் வந்தபோது வண்டிமேல் மூடியிருந்த தார்ப்பாயைக்கூட எடுக்கவில்லை. டயரில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜர் பேசுனாரு மாப்ள."

"என்னவாம்?"

"நீ இன்னும் கொஞ்சம் பழகணுமாம்." டயரிலிருந்து ஒரு மண்கட்டி உதிர்ந்தது. "தங்கச்சி வீடியோவையும் சேத்து அனுப்பியிருந்தேன். சும்மா, வேடிக்கைக்குத்தான். அரபி வீட்டுப் பொம்பளைங்க வந்தா கூட ஓட்டிப் போக ஒரு பொம்பளை ஆளத் தேடிக்கிட்டு இருக்காங்களாம். தங்குறதுக்கு லேடீஸ் ரூம் தனியா இருக்கு. இவங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கான்னு கேக்குறாரு."

இசைவாணிக்கு முதலில் வெட்கம்தான் வந்தது, புருஷன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டதைப் போல. அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று துள்ளியது. அதை இருவரும் பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெடுஞ்செழியன் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். வீலிங் எதுவும் செய்யவில்லை. சுற்றினான், திரும்பத் திரும்ப அதே வட்டத்தில், புழுதியில் ஆளே தெரியாத வேகத்தில். இர்பான் கூப்பிட்டது கேட்டதோ என்னவோ. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபோது அதை நடு வயலிலேயே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அவள் கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தலைமுடியெல்லாம் புழுதி.

"போவியா?"

"உங்களுக்குக் கெடைக்க வேண்டியதுங்க அது."

"அதக் கேக்கல. போவியான்னு கேட்டேன்."

தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "நீங்க போறேன்னு முடிவு பண்ணீங்களே, நான் இங்க இருந்துக்குவேனான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் தலைமுடியிலிருந்த புழுதியைத் தட்டினான்.

"நீங்க இப்ப கேக்குறீங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவன் முறத்திலிருந்து ஒரு தண்டை எடுத்தான். இலையைக் கிள்ளத் தெரியாமல் முழுசாக நசுக்கி வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள், உப்பு எடு, பம்புசெட்டு நிறுத்தியாச்சா என்பதைத் தவிர அந்த வீட்டில் பேச்சு இல்லை. இசைவாணி வேலை செய்துகொண்டே இருந்தாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். போகவே மாட்டேன் என்று காலையில் தோன்றியதை மத்தியானம் நம்ப முடியவில்லை.

ஒரு காலை அவன் மோட்டார் சைக்கிளை வாசலில் எடுத்து நிறுத்தினான்.

"ஆதார எடுத்துக்க. நீடாமங்கலம் போயி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு வைப்போம். போறதும் போகாததும் அப்பறம்."

அவள் புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள்.  நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ், லாரி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னல் ஜன்னலாகப் போனாள். நெடுஞ்செழியன் வண்டியை அணைத்தான். கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கினான்.

"நீ ஓட்டு."

அவள் ஒரு நொடி தயங்கி, முன்னால் நகர்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். அவன் பின்னால் ஏறிக்கொண்டான். கையை அவள் தோளில் வைத்தான், எடுத்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் முடிவில்லாமல் போயிற்று. கடைசிப் பெட்டி கடந்ததும் கேட் மெல்ல உயர்ந்தது. அந்தப் பக்கமும் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு வண்டிகள் நின்றன. நடுவில் ஒரு பைக் நுழையும் அளவுக்கு மட்டும் வெளிச்சம். பின்னால் யாரோ ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. இசைவாணி ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டாள். கிளட்சை இன்னும் விடவில்லை.