பின் கேரியரில் ஓர் ஆய்வாளர்

ஆன்ஸ்லினின் ஆராய்ச்சித் தலைப்பு ‘சிறுநகரங்களில் மிதித்தும் நடந்தும் செல்வோர்: ஓர் ஏற்றத்தாழ்வு ஆய்வு’. இரண்டு வருடமாக அதில்தான் கிடக்கிறான். தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது இதுவரை ஒரு குறையாகவே அவனுக்குப் படவில்லை. அப்பா துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய வெள்ளைக் கார் இருந்தது. பேட்டிகளையெல்லாம், ஆட்களைப் பேக்கரியில் உட்காரவைத்து, பழம்பொரி வாங்கிக்கொடுத்தே எடுத்து முடித்திருந்தான்.

அவனுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை செசிலி அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டதுதான் வினையாகிப் போனது.

“இதுல சைக்கிள் சத்தமே இல்லியே. எல்லாரும் மெல்லுத சத்தம்லா கேக்குது! ஓட்டுதவங்க கூடவே போயி ஒரு பேட்டி எடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா ஒன் ஆராய்ச்சி எடம் ரெஜிஷாவுக்கு.”

அந்த இடத்துக்குக் காத்திருக்கும் ரெஜிஷா கல்லூரிக்கே சைக்கிளில் வருகிறவள்.

கருங்கலில் ஒரு துணிக்கடைக்குச் சுபிதா என்றொரு பெண் தினமும் சைக்கிளில் வேலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, ஆன்ஸ்லின் போனில் பேசிவைத்தான். கடைக்குச் சற்று முன்னால் காரைச் சாலையோரம் விட்டான். கார் கண்ணில் பட்டால் மரியாதை போய்விடும் என்று, அவள் ஊர் முக்குவரை ஆட்டோவில் போனான்.

சுபிதா வந்தாள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிள். மணியைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போட்டது.

“ஒங்க சைக்கிள் எங்க?”

“பஞ்சர்.”

“டயரா, நீங்களா?”

அவன் போனை எடுத்துக் கேள்விப் பட்டியலைத் தேடினான்.

“ஓட்டத் தெரியாது, இல்லியா? செரி, பின்னால ஏறுங்க. எனக்குக் கடைக்கு நேரமாச்சு.”

ஏறினான். டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸோடு வெளியே வந்து நின்றார். “ஏட்டி சுபிதா, யாருட்டி பின்னால?”

“ஆராய்ச்சிண்ணே!”

“பைய போ மக்கா. கீழ விழுந்திரப் போவுது.”

ஆன்ஸ்லின் போனில் பதிவைத் தொடங்கினான். “தங்கள் பயணத்தில் தாங்கள் எதிர்கொள்ளும் முதன்மைத் தடை யாது?”

“இப்போதைக்குப் பின்னால இருக்குத அறுவது கிலோ. எறங்கித் தள்ளுங்க, ஏத்தம்.”

தள்ளினான். மூச்சு வாங்கியபடியே அடுத்ததைக் கேட்டான். “பேருந்து ஏன் வேண்டாம்?”

“பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லன்னாங்க. செரி. கடை அடைக்கும்போ பஸ்சும் இல்லல்லா?”

“வீட்டில் வேறு வண்டி?”

“பைக் உண்டு. அதுல தம்பி ஜிம்முக்குப் போறான். அங்க போயி சைக்கிள் மிதிக்கான், கேட்டியளா?”

ஏற்றம் முடிந்ததும் மறுபடி ஏறிக்கொண்டான். இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருட ஆராய்ச்சியில் முதல்முறையாக அவனுக்கு அந்தத் தலைப்பு பிடித்திருந்தது. அப்போது பின்னால் ஒரு பஸ் ஹாரன் அலறியது. சுபிதா ஓரத்துக்கு ஒடித்தாள். ஓரத்தில் ஓரம் இல்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு கார் நின்றது. அவள் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள். ஊன்றுவதற்கு ஒன்றும் இல்லாத ஆன்ஸ்லின் சரிந்து உட்கார்ந்தான்.

“எவம்டே வண்டிய இங்க கொண்டு விட்டது? மண்டையில மூளைக்குப் பதிலா மரச்சீனி மாவா? முதன்மைத் தடைன்னு கேட்டியளே, இதான். எழுதிக்கிடுங்க!”

அவன் எழுதவில்லை. விழுந்த வேகத்தில் கால்சட்டைப் பின்பையிலிருந்த கார்ச் சாவியின் பொத்தான் அமுங்கியிருந்தது. கார் தன் உரிமையாளரைக் கண்டுகொண்டு, இரண்டு முறை கீச்சிட்டு விளக்கைச் சிமிட்டியது.

சுபிதா காரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “எழுதிட்டியளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மிதித்துப் போய்விட்டாள்.

பதிவின் கடைசி நிமிடத்தை வெட்டிவிடலாம். காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். வெட்டினால் முதன்மைத் தடையாக மிஞ்சுவது அவனுடைய அறுபது கிலோதான். வெட்டாமலே அனுப்பினான்.

இருட்டுவதற்குள் செசிலி மேடத்திடமிருந்து பதில் வந்தது: “சத்தம் எல்லாம் தெளிவா இருக்கு. காரோட சத்தமும். ஒன் எடம் ஒனக்குத்தான். நாளைக்கு ரெஜிஷா சைக்கிள் சொல்லித் தருவா. காரை வீட்டுல விட்டுட்டு வா.”

மறுநாள் காலை, சுசீந்திரத்துக்கு உட்புறமிருக்கும் தன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஆன்ஸ்லின் நின்றான். பால் வாங்க வந்த ஒருவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“இப்பம் பஸ் கெடையாதே தம்பி.”

ஆராய்ச்சித் தலைப்பில் ‘மிதித்தும்’ இன்னும் பாக்கி. ‘நடந்தும்’ அன்றைக்கே தொடங்கியது.