முதல் பதினாறு பக்கம்

பாண்டுரங்கன் வெற்றிலை குதப்பிய வாயில் விரலை நனைத்துப் பக்கத்தைப் புரட்டினான். மாதம் ஒரு துப்பறியும் நாவல் போடுகிறவன். மயிலாப்பூர்க் குளக்கரையில் அச்சாபீஸ். சாந்தோம் பள்ளிக்கூடத்து டீச்சர் அந்தோணியம்மாளின் முதல் நாவல் அங்கேதான் அச்சாகிக்கொண்டிருந்தது.

"எடுத்த எடுப்புல பொணம், அது ஜோர் டீச்சரம்மா. ஆனா அது மேல கட்டுமரத்துப் பாய்த்துணிய போத்திட்டீங்களே! போத்தி வெச்சா எவன் அடுத்த பக்கம் புரட்டுவான்? அதான் கொஞ்சம் கை வெச்சேன்."

அவள் வாங்கிப் படித்தாள். பாய்த்துணி போயிருந்தது. கரை ஒதுங்கிய பெண்ணின் ஈரச் சேலை எங்கெங்கே ஒட்டியிருந்தது என்று இருபது வரி. செத்தவள் உதட்டில் புன்சிரிப்பு வேறு. அந்தோணியம்மாள் அருவருப்போடு தாளை மேஜைமேல் போட்டாள்.

அந்தப் பெண் கற்பனையில்லை. மீனவர் குப்பத்து லூர்துமேரியின் மகள். கூட்டம் வேடிக்கை பார்த்து நிற்க, கட்டுமரத்துப் பாயைப் பிடுங்கி வந்து போர்த்தியவள் தாய்தான். கதையாக எழுதட்டுமா என்று இவள் கேட்டபோது லூர்துமேரி, "எழுதிக்கோ. எவன் கடல்ல தள்ளினான்னு கதையிலயாச்சும் கண்டுபுடி. அந்தத் துணிய மட்டும் எடுத்துடாத டீச்சரம்மா" என்றாள். எடுக்க மாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நான் எழுதினபடி மறுபடியும் எழுத்துக் கோத்து அச்சடியுங்கள்."

"இன்னாம்மா இது! இந்தப் பதினாறு பக்கமும் ஆயிரம் காப்பி அடிச்சாச்சு. நம்மகிட்ட இருக்கிற ஈய எழுத்தே அவ்ளோ பக்கத்துக்குத்தான். அதக் கலைச்சு அடுத்த பதினாறு பக்கத்துக்குப் பாரம் கோத்துக்கினு இருக்காங்க."

"அப்படியானால் கடைசி அத்தியாயம் தரமாட்டேன்."

"நீங்களே வெச்சுக்கோங்க. கொலைகாரன் ஒரு சமையல்காரன்னு நானே முடிச்சுடறேன். தொழில் சொல்றேன் கேளுங்க. மொத பக்கத்துல வாயப் பொளந்தவன் கடைசிப் பக்கத்துல நியாயம் கேக்கமாட்டான்."

"என் பேர் இதில் வரக்கூடாது!"

"அவ்ளோதானே? அட்டை இன்னும் ஓடல. எடுத்துட்டாப் போச்சு."

அவளுக்கு மூச்சு லேசாயிற்று. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி மதருக்குத் தெரியாது. மாதா கோயிலில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த நிம்மதி நெஞ்சுக்குள் இறங்கிய சுகத்தை அவள் கவனித்துவிட்டாள். உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண் ஆயிரம் பிரதியிலும் அப்படியே கிடப்பாள். இவள் மட்டும் நழுவிக்கொள்வாள். இந்த ஆளிடம் என்ன அருவருப்பு வேண்டிக்கிடக்கிறது? தன்னைவிட இவன் எந்த விதத்தில் மட்டம்?

யாராவது படித்துச் சொல்லி லூர்துமேரி கேட்பாள். காறி உமிழ அவளுக்கு ஒரு முகமாவது வேண்டும்.

"பேர் இருக்கட்டும்" என்றாள். "அட்டையில் பெரிதாகவே போடுங்கள்."

பாண்டுரங்கன் காவிப் பல் தெரியச் சிரித்தான்.

"அப்படி வாங்க வழிக்கு! பேர்னா யாருக்குத்தான் ஆசை இல்ல, டீச்சரம்மா?"

அவள் அந்தப் பதினாறு பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு, லூர்துமேரியைத் தேடிக் குப்பத்தை நோக்கி நடந்தாள்.